நின்ற இதயமும் நிற்காத கரங்களும்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றியில் ஒரு பகுதி நம் பங்கின் செவிலியருக்கும் உரியது. இரவுப் பணி முடித்து, உறங்காத கண்களோடு நேரே காலைத் திருப்பலிக்கு வரும் அச்சகோதரிகளை நாம் அறிவோம். நோயிற்பூசுதல் அளிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும் போதெல்லாம் அவர்தம் பணியை அருகிருந்து காண்கிறோம். அதைப் பற்றியும், நம் கடமையைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறோம்.

மாரடைப்பு வேறு, இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்திற்கு இரத்தம் தரும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நம்மோடு பேசுவார். துடிப்பு நின்றாலோ சில நொடிகளில் நினைவிழந்து சாய்வார். மூச்சு நிற்கும், அல்லது விட்டுவிட்டு இழுக்கும். நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும்.

முன்னாளில் துடிப்பு நின்றால் மருத்துவர்கள் மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைந்தனர். 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பின்மேல் கைகளால் அழுத்தினாலே இரத்தம் ஓடும் என்று எடுத்துக்காட்டினர். 1962-இல் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே என்னும் மருத்துவர் இதய நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தார். அம்மருத்துவமனையின் பெயர் பெத்தானியா. இலாசர் உயிர்பெற்ற ஊரின் பெயர்! இத்தகைய பிரிவுகள் பெருகியபோது, மருத்துவர் ஓடி வரும்வரை நோயாளியின் உயிர் காத்திராது என்பது விளங்கியது. ஆகவே திரையில் ஓடும் கோட்டைப் படித்து, மின் அதிர்ச்சி கொடுக்கவும் செவிலியர் பயிற்றுவிக்கப்பட்டனர்.

இன்று மணி ஒலித்ததும் ஒருவர் மார்பை அழுத்துகிறார். ஒருவர் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கிறார். ஒருவர் அட்ரினலின் ஏற்றுகிறார். ஒருவர் நேரத்தைக் குறிக்கிறார். கை சோர்ந்தால் அழுத்தம் குறையும் என்பதால் 2 நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு மருந்து எடுத்துச் செல்பவரும் அவரே.

ஆனால் இதயம் மருத்துவமனையில்தான் நிற்கும் என்று எழுதி வைத்திருக்கிறதா? வீட்டிலும், பஸ் நிறுத்தத்திலும், இவ்வாலயத்திலும் நிற்கலாம். போரூரில் பெரிய மருத்துவமனை இருப்பது வரமே. ஆயினும் பூந்தமல்லி சாலையின் நெரிசலில் ஐந்து நிமிடத்தில் யார் போய்ச் சேர முடியும்? நாமோ சுற்றிக் கூட்டம் போடுகிறோம், வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம், உள்ளங்காலைத் தேய்க்கிறோம். இவற்றால் பயனில்லை, நினைவற்றவர் வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழலை அடைக்கும்.

செய்ய வேண்டியது இதுவே. தட்டி அழையுங்கள். பதிலின்றி, மூச்சும் சரியாக இல்லையெனில், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் நோயாளியைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நடு மார்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்தட்டும். ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு மேலெழ விடுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். பயிற்சியில்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை; அழுத்தினாலே போதும். குருவானவரை அழைப்பது அதற்குப் பின்பே! நாம் ஓடி வருவோம். ஆனால் முதலில் 108.

இன்னொன்று. குணமாக வழியில்லாத நிலையில் கருவிகளை நிறுத்தலாமா என்று கலங்கிக் கேட்கும் குடும்பங்கள் உண்டு. 1957-இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து மருத்துவர்களுக்கு விடையளித்தார்: உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளுவது கடமை, அளவு மீறிய வழிகள் கட்டாயமல்ல. ஆகவே மருத்துவரோடு கலந்து பேசி அமைதியாக முடிவெடுப்போர் பாவம் செய்தவராகார். அம்முடிவின் பாரத்தைச் செவிலியர்மேல் கோபமாக இறக்காதீர்கள்.

நம் செவிலியரிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கற்றுத் தாருங்கள். அன்பியத்திற்கு இருவரேனும் வரட்டும். முதல் வரிசையில் நாமே அமர்வோம். இறைவன் உங்கள் கரங்களை ஆசீர்வதிப்பாராக!