மென்பொருள் நிறுவனமா, உள்ளூர்ப் பயிற்சி நிலையமா?

கணினிப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தவிருக்கும் மாணவர்களையும், அவர்களுக்குக் கற்பிக்கும் சிறு நிலையங்களை நடத்துவோரையும் கருதி அமைந்த இந்த உரை ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. மென்பொருளை உருவாக்கி விற்கும் நிறுவனமே அதைக் கற்பிக்கவும், தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கவும் முன்வரும்போது, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இயங்கும் தனிப் பயிற்சி நிலையங்களால் மாணவர்களுக்கு என்ன பயன் என்பதே அக்கேள்வி.

தட்டச்சுப் பயிற்சியில் தமிழ்நாடு இதற்கு ஒரு நல்ல விடையைக் கண்டிருந்தது. பொறியை ரெமிங்டன், கோத்ரெஜ் போன்ற நிறுவனங்கள் விற்றன. பயிற்சியை ஊர்தோறும் இருந்த பயிலகங்கள் தந்தன. இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தியது, இன்றும் நடத்தி வருகிறது. விற்பவரும் கற்பிப்பவரும் தேர்வு வைப்பவரும் வேறு வேறாக இருந்ததால், மாணவர் எந்தப் பொறியில் பழகினாலும் அவருடைய சான்றிதழின் மதிப்பு குறையவில்லை. பொறி விற்பவரின் முடிவு எதுவும் பயிலகத்தின் கதவை மூடவும் முடியவில்லை.

மென்பொருள் துறையில் இம்மூன்று பொறுப்புகளும் ஒரே கையில் சேர்கின்றன. சிஸ்கோ நிறுவனம் 1997இல் தனக்கென ஒரு பயிற்சிக்கழகத் திட்டத்தைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட், பல ஆண்டுகளாகச் சிற்றூர் நிலையங்கள்வரை கற்பிக்கப்பட்டு வந்த எம்.சி.எஸ்.இ. என்னும் சான்றிதழை 2021 ஜனவரியோடு நிறுத்தியபோது, அதை நம்பிப் பாடம் வகுத்திருந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகப் பெருநிறுவனங்களின் பாடங்கள் கல்லூரிக்குள்ளேயே வந்துவிட்டன. கட்டணம் செலுத்த இயலாத மாணவருக்கு இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு நிறுவனத்தின் பாடம் அந்நிறுவனத்தின் பொருளைத் தாண்டிப் பேசுவது அரிது என்பதையும் மாணவர் நினைவில் கொள்ள வேண்டும்.

செட்டிநாட்டு மாணவர்கள் மிகுதியாக நாடும் டேலி என்னும் கணக்கு மென்பொருளை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெங்களூரு நிறுவனமான டேலி சொல்யூஷன்ஸ், 'டேலி எஜுகேஷன்' என்னும் தன் கல்விப் பிரிவின் மூலம் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் வழி செய்துள்ளது. உரிமம் வாங்காமல் பழகுவோருக்காக அம்மென்பொருளில் கல்விமுறை என்றொரு வசதியும் உண்டு. ஆனால் அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர், அதாவது வரவுசெலவுப் பதிவு, இட முடியும்.

இந்த வரம்பு நடைமுறையில் எங்கே தடுக்கிறது என்பதைக் காரைக்குடிப் பலகாரக் கடையின் கணக்கு காட்டும். பொட்டலமிட்டு, பெயர் அச்சிட்டு விற்கும் முறுக்கு, மிக்சர் வகைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முதல் நாள் போட்ட பில்லுக்கு எந்த வீதம், பழைய வீதத்தில் வாங்கி வைத்த சரக்குக்குரிய உள்ளீட்டு வரியை எப்படிக் கழிப்பது, வாடிக்கையாளர் திருப்பித் தந்த பெட்டிக்கு எந்த வீதத்தில் வரவு வைப்பது என்பனவே கடைக்காரர் கேட்கும் கேள்விகள். கல்விமுறையில் 22ஆம் தேதிக்கு ஒரு பதிவுகூட இட முடியாது; இட முடிந்தாலும், எந்த விசையை அழுத்துவது என்று சொல்லும் காணொளிப் பாடம் இக்கேள்விகளுக்கு விடை தருவதில்லை. உரிமம் பெற்ற மென்பொருளை வைத்துக்கொண்டு, கடையின் பில்லையே மேசைமேல் பரப்பிக் கற்பிக்கும் ஆசிரியரே விடை தர வல்லவர். பர்மாவிலும் மலாயாவிலும் இயங்கிய நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன், அதாவது தொழில் பழக வந்த இளைஞன், பேரேட்டையும் ஐந்தொகையையும் கடையில் இருந்தபடியே கற்ற முறையும் இதுவே.

ஆகவே, மாணவர் ஒரு நிலையத்தில் சேரும் முன் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும்: பயிற்சிக் கணினியில் உள்ள மென்பொருளுக்கு உரிமம் உண்டா, சான்றிதழை வழங்குவது நிலையமா, மென்பொருள் நிறுவனமா, அரசா, பற்று, வரவு, வரிக் கணக்கு ஆகியவை தாளில் எழுதிப் பழக்கப்படுமா. மூன்றாவது கேள்விக்கு உறுதியான விடை தராத நிலையத்தில் பணம் கட்டாமல் இருப்பது நல்லது. நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டுமென்றால், அடிப்படைக் கணக்கைக் கற்று முடித்த பின்னர் அதற்குரிய தேர்வை எழுதலாம்.

பயிற்சி நிலையம் நடத்துவோர், மென்பொருளின் பட்டியல்களை வரிசையாகக் காட்டும் பாடத்தில் பெருநிறுவனத்தோடு போட்டியிட்டால் தோற்பது உறுதி. 2020இல் டேலிபிரைம் வந்தபோது 'அக்கவுண்ட்ஸ் இன்ஃபோ' என்னும் பட்டியலே மறைந்ததைப் போல, அத்தகைய பாடம் ஒரே பதிப்பில் பழையதாகிவிடும். கணக்கியலை முதன்மையாக வைத்து, ஒரே கணக்கை இரண்டு மென்பொருள்களில் செய்ய வைத்து, ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தரும் இலவசத் தமிழ்ப் பாடங்களையும் பயன்படுத்திக்கொள்ளும் நிலையத்தை எந்த நிறுவனத்தின் முடிவும் எளிதில் அசைக்காது. மென்பொருள் மாறினாலும் வேலை செய்யத் தெரிந்த மாணவரை உருவாக்கும் நிலையத்துக்கு, இலவசப் பாடங்கள் எத்தனை வந்தாலும், செட்டிநாட்டில் தேவை இருந்துகொண்டே இருக்கும்.