கண்ணாடிப் பந்தும் மணியுறையும்



பத்தாம் ஆண்டு விழாவின் உரைகளுக்கிடையே ஒரு சிறு கைவேலையைப் பற்றிய உரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காப்பியமும் சிறுகதையும் பேசப்படும் அவையில் பாசிமணிக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றலாம். ஆயினும் கைவேலைக்கும் இலக்கியத்திற்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. கூலி கருதாது ஒருவர் செய்யும் வேலையின் மதிப்பு என்ன என்பதே அவ்வினா. அதற்கு விடை தேட, அமெரிக்க இல்லங்களில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடிப் பந்து ஒன்றும், அப்பந்தின்மேல் போர்த்தப்படும் மணியுறை ஒன்றும் போதும்.

மணியுறை என்பது பாசிமணிகளை நூலில் கோத்து, வலைபோலப் பின்னி, பந்தின் தோள்மீது அமரும்படி செய்யப்படும் ஓர் அணி. மேலே சிறு வளையம். அதிலிருந்து விரிந்து இறங்கும் கண்ணிகள். பந்தின் இடைப்பகுதியைத் தாண்டியதும் குஞ்சங்களாகத் தொங்கும் மணிச்சரங்கள். பந்தோடு அது ஒட்டப்படுவதில்லை. வேண்டும்போது கழற்றி வேறொரு பந்துக்கு அணிவிக்கலாம். இதனைச் செய்வோரில் பெரும்பாலோர் அதை விற்பதில்லை. மாலை நேரங்களில் விளக்கடியில் அமர்ந்து, வீட்டுக்கும் உறவினர்க்கும் நண்பர்க்குமாகச் செய்கின்றனர்.

உறையைப் பற்றிப் பேசுமுன் பந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவது தகும். ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லௌஷா என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கு 1597ஆம் ஆண்டு கண்ணாடி உலை நிறுவப்பட்டது. காட்டு விறகும் மணலும் அருகிலேயே கிடைத்தமையால் ஊரே கண்ணாடித் தொழிலை நம்பி வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூரார் கிறிஸ்துமஸ் மரத்திற்கான கண்ணாடி உருண்டைகளை ஊதிச் செய்யத் தொடங்கினர். 1867இல் ஊரில் எரிவாயு நிலையம் அமைந்தது. அதன் சீரான சுடரால், காகிதம்போல் மெல்லிய சுவருடைய பெரிய பந்துகளை ஊதுவது எளிதாயிற்று.

இந்தப் பந்துகள் பெரும்பாலும் வீடுகளில் செய்யப்பட்டன. தந்தை கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி ஊதுவார். தாய் பந்தின் உட்புறத்தில் வெள்ளி பூசும் கரைசலை ஊற்றிக் குலுக்குவார். பிள்ளைகள் சாயம் தோய்ப்பதிலும், காம்பை அறுப்பதிலும், மூடி பொருத்துவதிலும் உதவுவர். செய்து முடித்த பொருள்களைப் பெண்கள் முதுகுக்கூடையில் ஏற்றி, சோன்னபெர்க் நகரத்து வணிகரிடம் சுமந்து சென்றனர். விலையை வணிகரே தீர்மானித்தனர். பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் இரவும் பகலும் உழைத்தும் அக்குடும்பங்களுக்குக் கிடைத்தது சொற்பமே. உலகின் வரவேற்பறைகளில் மின்னிய அப்பந்துகளுக்குள் எத்தனையோ குழந்தைகளின் உறக்கம் அடைபட்டுக் கிடந்தது.

அமெரிக்காவில் இப்பந்துகளைப் பரவச் செய்தவர் வூல்வொர்த் என்னும் மலிவுவிலைக் கடைக்காரர். 1880ஆம் ஆண்டு அவர் தயக்கத்தோடு ஒரு சிறு தொகைக்குத்தான் வாங்கினார். அவை விரைந்து விற்றுத் தீர்ந்தன. பின்னர் அவரே ஜெர்மனிக்குச் சென்று பெருமளவில் கொள்முதல் செய்யலானார். இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் இவ்வணிகம் தடைப்பட்டது. அதே ஆண்டில் கார்னிங் கண்ணாடி நிறுவனம், மின்விளக்குக் குமிழ்களை வார்த்துவந்த தன் எந்திரத்தைக் கொண்டு பந்துகளைச் செய்யத் தொடங்கியது. ஒரு குடும்பம் நாள் முழுதும் முயன்று செய்ததை எந்திரம் சில நிமிடங்களில் செய்தது. பந்து மலிந்தது, ஒரு பந்துக்கும் மறு பந்துக்கும் வேற்றுமை இல்லாது போயிற்று.

மணியுறையின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. எந்திரம் ஒன்றுபோலாக்கிய பொருளைக் கை மீண்டும் வேறுபடுத்துகிறது. கடையில் சில காசுக்கு வாங்கிய பந்து, மணியுறை அணிந்ததும், இன்னார் செய்தது, இன்ன ஆண்டில் செய்தது என்று சொல்லத்தக்க பொருளாகிவிடுகிறது.

இனி அதன் செய்முறை. இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. மயிரிழைபோன்ற நீண்ட ஊசி, உறுதியான நைலான் நூல், நூலுக்குப் பூசச் சிறிது தேன்மெழுகு, மணிகள் உருண்டோடாமல் இருக்க ஒரு வெல்வெட் துணி ஆகியவையே போதும். பெரிதும் பயன்படுவது பதினொன்றாம் எண் பாசிமணி. அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஓர் அங்குல நூலில் 17 அல்லது 18 மணிகள் அடங்கும். சுமார் 67 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பந்தின் சுற்றளவு 21 சென்டிமீட்டர். இந்த வளைந்த பரப்பைத் தட்டையான வலையால் மூட இயலாது. மேலே ஒடுங்கியும் இடையில் விரிந்தும் வலை தானே வளர வேண்டும்.

கழுத்து வளையத்திற்கு 32 மணிகள் என்று கொள்வோமாயின், நான்கு மணிக்கு ஒன்றாக எட்டுக் கண்ணிகள் தொங்கும். முதற்சுற்றில் கண்ணிக்கு 7 மணி, அடுத்ததில் 9, அதற்கடுத்ததில் 11 என எண்ணிக்கை பெருகும். எல்லாம் ஒற்றைப்படை எண்களாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கண்ணிக்கும் நடுமணி ஒன்று வேண்டும். அடுத்த சுற்றின் நூல் அந்த நடுமணிக்குள் புகுந்துதான் மேற்செல்லும். நடுமணியைப் பிழையாகக் கொண்டால் அக்கண்ணி ஒருபக்கம் இழுத்துக் கோணும். அக்கோணல் அப்போதே கண்ணுக்குப் புலப்படாது. இரண்டு மூன்று சுற்றுகள் கடந்த பின்னரே வெளிப்படும்.

பிழை திருத்துவதில் இக்கலைக்கு ஒரு நுட்பம் உண்டு. ஒரு மணி மிகுந்துவிட்டால், நூலை அறுக்காமல் அந்த ஒரு மணியை மட்டும் குறடால் நசுக்கி உடைத்துவிடலாம். நூலைக் காக்க மணியின் துளைக்குள் ஊசியை நிறுத்திக்கொள்வர். ஒரு மணி குறைந்துவிட்டாலோ வழி வேறில்லை. பிழை நேர்ந்த இடம்வரை பிரித்தே ஆக வேண்டும். மிகையைக் களையலாம், குறையை ஒட்டுப்போட முடியாது என்பதை எழுதிப் பழகியோர் நன்கறிவர்.

நூலின் இறுக்கமும் கைப்பழக்கத்தால் வருவதே. தளர்ந்தால் மணிகளுக்கிடையே நூல் தெரியும். மிகையாக இறுகினால் வலை சுருண்டு பந்தில் படியாது. கண்ணாடி மணியின் துளை விளிம்பு சில வேளைகளில் கூர்மையாக இருந்து நூலை மெல்ல அறுத்துவிடும். ஆதலால் பாரம் தாங்கும் கழுத்து வளையத்தில் நூலை இருமுறை ஓட்டுவது வழக்கம். வளையம் முடிந்ததும் பந்தின் உலோக மூடியைக் கழற்றி, கழுத்தில் மாட்டி, அளவு பார்த்துவிட்டே அடுத்த சுற்றைத் தொடங்குவர்.

ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் ஒரு செயல் உண்டு. எட்டாம் கண்ணி முடிந்ததும் நூல் முதற்கண்ணிக்குத் திரும்பி, அதன் மணிகளுக்குள் நுழைந்து நடுமணிவரை ஏறி வெளிவர வேண்டும். அங்கிருந்தே புதிய சுற்று பிறக்கும். தமிழ் யாப்பில் பழகியவர்க்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதலாகி, கடைசிப் பாட்டின் ஈறு முதற்பாட்டின் தொடக்கத்தோடு மண்டலித்து முடிவது அந்தாதி. எதுகையும் மோனையும் அமையும் முறைக்குத் தொடை என்று பெயர் வைத்தவர்களும் பூத்தொடுப்பதையும் மணி கோப்பதையும் கண்முன் கொண்டே வைத்திருக்க வேண்டும். சொல்லைக் கோத்தவர்க்கும் மணியைக் கோத்தவர்க்கும் இடையே மொழி முன்பே ஓர் உறவை ஏற்படுத்தி வைத்திருக்கிறது.

அந்த மணிகள் வரும் வழியும் நெடியது. இன்று இக்கைவேலைக்குரிய மணிகள் பெரும்பாலும் செக் நாட்டின் யாப்லொனெட்ஸ் பகுதியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகின்றன. ஆனால் கண்ணாடியைக் குழலாக இழுத்து, சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கும் கலை, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செழித்திருந்தது. அவ்வகை மணிகள் கடல் கடந்து ஆப்பிரிக்கக் கரைக்கும் தென்கிழக்காசிய நாடுகளுக்கும் சென்றன. அவற்றை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அப்பழைய முறை இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். மணியுறை செய்வோர் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "இவ்வளவு அழகாகச் செய்கிறீர்களே, விற்றால் என்ன?" என்பதே அது. சொல்பவர் பாராட்டாகவே சொல்கிறார். சிலர் அதனை நம்பி, தேவாலயத்துப் பண்டிகைச் சந்தையில் மேசை போட்டு அமர்வதும் உண்டு. அங்கே கணக்கு வேறாகிவிடுகிறது. எளிய வடிவம் இரண்டு மாலைகளில் முடியும்; நுணுக்கமானது இரண்டு மூன்று வாரங்களையும் கொள்ளும். அந்நேரத்திற்கு உரிய கூலியைச் சேர்த்து விலை சொன்னால் வாங்குவார் இல்லை. வாங்குவோர் தரும் விலைக்குக் கொடுத்தால், மணியின் விலையும் நூலின் விலையும் போக, உழைப்புக்கு ஏதும் மிஞ்சுவதில்லை. சோன்னபெர்க் வணிகரின் முன் கூடையை இறக்கி வைத்த லௌஷாப் பெண்ணின் நிலைக்கே அவர் தாமாகச் சென்று சேர்கிறார்.

இதனால் கைவேலையை விற்பது தவறு என்பதன்று. அதனை நம்பி வாழ்வோர்க்கு நியாயமான விலை கிடைத்தே தீர வேண்டும். செக் நாட்டில், ஊதிய கண்ணாடி மணிகளால் மர அணிகள் செய்யும் கைத்தொழிலை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய அங்கீகாரம் தொழிலாளர்க்கு வேண்டும். ஆனால் பொழுதுபோக்காகச் செய்பவர் தம் வேலையைச் சந்தை விலையால் அளந்து, 'இது ஒன்றுக்கும் உதவாது' என்று முடிவு செய்வது பொருந்தாது. விலை இல்லாதது வேறு. மதிப்பு இல்லாதது வேறு. விற்றால் கூலிக்கும் கட்டாத அப்பொருள், கொடுக்கப்படும்போது முழு மதிப்பையும் பெறுகிறது. பெறுபவர் அதில் காண்பது, தம்மை நினைத்து ஒருவர் செலவிட்ட மாலைப் பொழுதுகளை.

பொழுதுபோக்கு என்னும் சொல்லையே இங்குச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பொழுதைப் போக்குவது என்பது அதன் பொருள். மணியுறையிலோ பொழுது போய்விடுவதில்லை. கண்ணிக்குக் கண்ணி எண்ணப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது.

கண்ணாடிப் பந்து என்றேனும் ஒருநாள் உடையும். பூனை தட்டிவிடலாம், குழந்தையின் கை தவறலாம். அப்போது வீட்டார் சில்லுகளைப் பெருக்கி எடுத்துவிட்டு, மணியுறையை உதறித் துடைத்து, புதிய பந்தொன்றுக்கு அணிவிக்கின்றனர். செய்தவர் மறைந்த பின்னும், ஆண்டுதோறும் டிசம்பரில் பெட்டியைத் திறக்கும்போது அவர் பெயர் அவ்வீட்டில் சொல்லப்படுகிறது. ஊதியம் கருதாது பத்தாண்டுகள் கூடியிருந்து படித்தும் எழுதியும் வந்த ஓர் இலக்கிய வட்டத்திற்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.