ஓய்வுக்கு ஒரு பட்டியலா?

மழை ஓய்ந்தது என்கிறோம். காற்று ஓய்ந்தது என்கிறோம். ஓயாமல் பேசுகிறவரைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போகிறோம். ஓய்தல் என்னும் சொல்லுக்கு அடங்குதல், நின்றுபோதல் என்பதே பொருள். ஆனால் இன்று ஓய்வு நாள் என்று நாம் வழங்குவதை உற்று நோக்கினால், அங்கே எதுவும் நின்றதாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் ஓடிய கால்களே வேறோர் ஊரில், வேறு செருப்போடு ஓடுகின்றன.

இந்த ஓய்வு நாள் எளிதில் வந்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உறுதியானது 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாளில்தான். அதற்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தும் கூட்டம் கூட்டியும் போராடினார். மறு ஆண்டு வந்த சட்டம் வார விடுமுறையை ஏற்றுக்கொண்டது. சென்னையில் 1918இல் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அவர்கள் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்குத் தந்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. சோற்றை மென்று விழுங்கவும் பொழுதில்லாமல் தறிக்கு ஓடியிருக்கிறார்கள். பின்னர் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இருபது நாள் உழைத்தவருக்கு ஊதியத்துடன் ஒரு நாள் விடுப்பு என்று கணக்கு வகுத்தது. இருபதுக்கு ஒன்று! அந்த ஒன்றையும் ஆலைச் சங்கின் ஒலி கேளாமல் கழிக்கலாம் என்பதற்காகத்தானே அத்தனை பாடும்? நாமோ நமக்கென்று ஒரு சங்கைச் செய்துவைத்து, விடுமுறையிலும் அதை ஊதிக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் நண்பர் ஒருவர் தம் குடும்பத்தோடு என்னையும் குற்றாலத்திற்கு அழைத்துச் சென்றார். கணக்குத் துறையில் பொறுப்பான பதவியில் இருப்பவர், தங்கமான மனிதர். சென்னையில் இரவு பொதிகை வண்டி ஏறினோம். விடிந்து தென்காசியை நெருங்கும்போது, மேற்கே மலை முழுவதும் மேகத்தில் மூழ்கியிருந்தது. நண்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 9.30 பேரருவி, 11.00 ஐந்தருவி, 12.15 பழைய அருவி, பிற்பகல் திருமலைக் கோயில், மாலை தென்காசிக் கோபுரம் என்று அதில் கட்டம் கட்டி எழுதியிருந்தது. சித்திர சபைக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்று, சுவரெல்லாம் ஓவியம். சுவருக்கு ஐந்து நிமிடம் என்று வகுத்தார் போலும்.

பேரருவியின் நடுவே பொங்குமாகடல் என்று ஒரு பாறைக்குழி உண்டு. மலையுச்சியிலிருந்து வரும் வெள்ளம் நேரே தலையில் விழுந்தால் மனிதன் தாங்கமாட்டான். அது முதலில் அந்தக் குழியில் விழுந்து, கொதித்துப் பொங்கி, வேகம் தணிந்த பிறகே நம்மேல் இறங்குகிறது. இதைச் சற்று எட்ட நின்று பார்க்கவேண்டும். எங்களுக்குக் குளிக்க நேரம் இருந்தது. பார்க்க நேரம் இல்லை.

நண்பரின் தாயாரும் உடன் வந்திருந்தார். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குளித்து வந்தவர், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு அருவியைப் பார்த்தபடி ஒரு திண்ணையில் அமர்ந்தார். “இங்கனயே கொஞ்ச நேரம் இருப்போமே, ஐயா” என்றார் மகனிடம். “நேரமாகுதும்மா. ஐந்தருவியில் கூட்டம் சேர்ந்துவிடும்” என்றார் நண்பர். முடிவில் அம்மையாரை என் பொறுப்பில் விட்டு மற்றவர்கள் புறப்பட்டார்கள்.

வெகுநேரம் அவர் பேசவே இல்லை. சாரல் அடித்தது, வெயில் வந்தது, மறுபடியும் சாரல். பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். மணமான முதல் ஆடிக்குத் தாய்வீடு வந்தபோது, தாயும் இரண்டு சித்திமாரும் கடையநல்லூரிலிருந்து வண்டி பூட்டி அவரை இங்கே அழைத்து வந்தார்களாம். பத்து நாள் தங்கினார்களாம். காலையில் அருவி, சமையல், மாலையில் மீண்டும் அருவி. வேறு எங்கும் போகவில்லை. அந்த வேலையற்ற பிற்பகல்களில்தான் அவருடைய தாய், தமக்கு முன் பிறந்து இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி முதன்முறையாகச் சொன்னாளாம். “வீட்டில வச்சு எங்க அம்மைக்குப் பேச எங்க நேரம்?” என்றார். பின்பு தம் கதைக்கு வந்தார். அதை நான் இங்கே சொல்வது முறையன்று. அது மகனுக்கு உரியது.

நண்பர் மாலையில் திரும்பி, எல்லாம் முடிந்தது என்று மகிழ்ச்சியோடு கைப்பேசியில் படங்களைக் காட்டினார். அடுத்த சாரலுக்கு அம்மையார் இல்லை. அவர் சொன்னவற்றை நண்பர் கேட்டார். நினைவிருந்த வரையில் சொன்னேன். குரலை நான் எங்கே போய்க் கொண்டுவருவது?

நண்பர் ஒருவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஊர் திரும்பியதும் அண்டை வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, “எங்கெங்கே போனீர்கள்?” என்பதுதானே? ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தோம் என்றால் இரக்கப்படுவார்கள். மேலும், ஆண்டு முழுவதும் கட்டளைக்குப் பழகிய மனத்திற்கு வெறும் பொழுது அச்சம் தருகிறது. முதல் நாள் கை பரபரக்கும். எதையோ மறந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டாம் நாளும் சிறிது இருக்கும். மூன்றாம் நாள்தான் மனம் ஓயத் தொடங்குகிறது. நம் விடுமுறைகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் நாள் மாலையே முடிந்துவிடுகின்றன!

குழந்தைகள் சலிப்படைய மாட்டார்களா என்று கேட்கலாம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்; ஏழு இடம் கேட்கமாட்டார்கள். குளித்த அருவியிலேயே மறுபடியும் குளிக்கவேண்டும் என்பார்கள்.

ஏற்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாரல் காலத்தில் குற்றாலத்தில் அறை கிடைப்பது அரிது. அதை முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள். போகவும் வரவும் இரயில் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு ஒன்று போதும்.