தந்தை செல்வா எடுத்த வழக்கு

 

அகதியாய் வந்து லவாலில் குடியிருக்கிற எங்களுக்குக் குடியுரிமைப் பத்திரத்தின்ரை அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் இன்றைக்கு ஒரு வழக்கறிஞரைப் பற்றிச் சொல்லுறன்.

சா. ஜே. வே. செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்தவர். ஆசிரியராயிருந்து, பிறகு சட்டம் படித்து, சிவில் வழக்குகளில் பெயரெடுத்தார். 1947இல் காங்கேசன்துறை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வருடமே மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தத் தோட்டத் தொழிலாளர் அவருடைய தொகுதி வாக்காளர் அல்லர். எண்டாலும் எதிர்த்து வாதாடினார். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் சேர, இவர் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்; கொள்கையை மாற்றவில்லை. 1956இல் அதே தொகுதி அவரைத் திரும்பவும் தெரிவு செய்தது.

1977 ஏப்ரல் 26, இதே சித்திரை மாதத்தில்தான், கண்மூடினார்.

பிள்ளையளே, நாளைக்கு நீங்களும் இங்கை சட்டம் படிப்பியள். உங்களுக்கு வாக்குப் போட முடியாதவன்ரை வழக்கையும் எடுத்துப் பேசுங்கோ.