பாட்டனாரின் கடிகாரம்

என் தகப்பனார் 1943ஆம் ஆண்டு சித்திரையில் சித்தூரில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை, காலை மணி 6½ என்று பாட்டனார் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்தார். பாட்டியோ, அப்போது பொழுது விடியவேயில்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று கடைசிவரை சாதித்தார். உதயத்துக்கு முன் பிறந்தால் பஞ்சாங்கப்படி அது வியாழக்கிழமை அன்றோ? ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு ஜாதகங்கள்.

இவ்வழக்கைத் தீர்த்தது என் கணிப்பொறித் திரையின் மூலையில் ஓடும் சிறு கடிகார நிரல். அதன் முகப்பு, எண்களின் வடிவம், ஊர், எல்லாவற்றையும் நம் விருப்பம்போல் மாற்றலாம். உலகத்து நேர மாற்றங்களைத் தொகுத்த ஓர் அட்டவணையைக் கொண்டு அது இயங்குகிறது. 1905 முடியும்வரை அதில் நமக்குச் சென்னை நேரம்; கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முந்தியது. 1906 முதல் 5½ மணி. உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளி 6½ ஆக்கினர்.

ஆதலின் பாட்டனார் கண்ட 6½ இன்றைய கணக்கில் 5½. சித்திரையில் சித்தூரில் கதிரவன் எழுவது ஏறத்தாழ 6 மணிக்கு. பாட்டி சொன்னது மெய். பாட்டனார் எழுதியதும் பிழையன்று!

திருப்பதியில் வாழும் தகப்பனார் தம் நிரலில் தமிழ் எண்களை அமைத்து, 12 நிமிடம் பின்தள்ளி வைத்திருக்கிறார். அவ்வூரில் உச்சிப்பொழுது சராசரியாக அவ்வளவு பிந்தியே வருகிறது.