நூலும் நூலோரும்: செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் உழைப்பின் எதிர்காலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'செயற்கை நுண்ணறிவும் உழைப்பின் எதிர்காலமும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். இலக்கிய வட்டத்திற்கு இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இன்று அந்தப் பொறி செய்ய முன்வந்திருக்கும் தொழில் நம்முடைய தொழில். சொல்லை எடுத்து, இழைத்து, நூலாக்கும் தொழில் அது. ஆகவே தமிழிலிருந்தே இப்பொருளுக்குள் நுழைய விழைகின்றேன்.

'நூல்' என்னும் சொல் தமிழில் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். 'பனுவல்' என்பதும் அவ்வாறே. நன்னூல் செய்த பவணந்தியார் இவ்வொப்புமையை உறுப்பு உறுப்பாக விரித்துரைக்கின்றார். சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், வாய் கையாகவும், மதி கதிராகவும் அமைய, புலவனை நூற்கும் பெண்ணாகவே அவர் நிறுத்துகின்றார். நற்றிணையில் கபிலர் ஒருபடி முன்னே சென்று, ஆண் துணையற்ற பெண்டிர் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய இழையை, உயர்ந்த மலையில் தவழும் மழைமுகிலுக்கு உவமையாக்குகின்றார். நூற்பவள் யார், எந்நிலையில் நூற்கின்றாள் என்பதை அப்புலவர் மறந்தாரில்லை. நூலைப் பேசும்பொழுது நூலோரையும் பேசுவதே தமிழ் மரபு. இன்றைய என் உரையும் அவ்வளவே.

நம் மாவட்டத்தின் ஆரணிக்குச் சென்று ஒரு பட்டுத் தறியைப் பாருங்கள். தறியின் தலைமேல் ஒரு பெட்டி. அதனின்று தொங்கும் துளையிட்ட அட்டைகளின் மாலை. நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை திரும்பும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவிழை உயரும். துளை இல்லாத இடத்தில் இழை தாழ்ந்தே இருக்கும். இவ்வாறு அட்டை அட்டையாக, இழை இழையாக, மயிலும் மாங்காயும் சேலையில் விரிகின்றன. அப்பெட்டிக்கு ஜக்கார்டு என்று பெயர். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கியது அது.

'துளை உண்டு, துளை இல்லை' என்னும் இந்த ஈரெழுத்து மொழியே கணினியின் அரிச்சுவடி. இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இவ்வட்டைகளையே தேர்ந்தார். அப்பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்று அடா லவ்லேசு 1843ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துளை அட்டைகள் எண்ணும் வேலையைச் செய்தன. எனவே, நாளைய பொறி எங்கோ அயலிலிருந்து வருவதாக எண்ண வேண்டா. அதன் பாட்டன் ஆரணித் தறியின்மேல் அமர்ந்திருக்கின்றான்.

அப்பாட்டன் வந்தபொழுது உழைப்பவர்க்கு நேர்ந்தது என்ன? இதை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். ஜக்கார்டுக்கு முன் லியோனில் ஒருவர் நெய்ய, ஒரு சிறுவன் பக்கத்தில் நின்று நாளெல்லாம் கோலத்திற்குரிய கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தான். நம் காஞ்சிப் பகுதியில் 'அடை' என்னும் பழைய முறையிலும் இழை தூக்கிக் கொடுக்க இன்னொருவர் வேண்டியிருந்தது. அந்தக் கயிற்றிலிருந்து பிள்ளைகளின் கையை விடுவித்தது பொறியே. அவ்வேலை போயிற்றே என்று யாரும் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை. பொறியால் மறையும் எல்லா வேலையும் இழப்பன்று.

ஆனால், அதே லியோனில் 1831ஆம் ஆண்டு பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கூலிக்கு ஒரு கீழெல்லை வகுத்து ஒப்பந்தம் ஆயிற்று, வணிகருள் பலர் அதை ஏற்க மறுத்தனர், கிளர்ச்சி வெடித்தது. அப்போது ஜக்கார்டு வந்து ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அவர்கள் எழுந்தது தறிக்கு எதிராக அன்று. தறி தந்த விளைவில் தமக்கு உரிய பங்கு எது என்றே கேட்டார்கள். இங்கிலாந்தில் பொறி உடைத்தவர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1812ஆம் ஆண்டில் கொணரப்பட்டபோது, பிரபுக்கள் அவையில் எழுந்து நாட்டிங்காம் தொழிலாளர்க்காகப் பேசியவர் ஒரு கவிஞர், பைரன். அவ்வவையில் அவர் ஆற்றிய முதல் உரையே அது. உழைப்பைப் பற்றிக் கவிஞன் பேசுவது புதுமையன்று என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுகின்றேன்.

நம் நாட்டு வரலாற்றிலும் இருவகைப் பாடங்கள் உள. முதலாவது வங்கித்துறை. கணினி வந்தால் எழுத்தர் வேலை ஒழியும் என்ற அச்சம் நிலவிய காலத்தில், 1983ஆம் ஆண்டு வங்கிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் அமர்ந்து பேசி, எவ்வகைப் பொறி, எந்த அளவில் என்று உடன்பாடு செய்துகொண்டன. 1984ஆம் ஆண்டில் அரங்கராசன் குழு தன் அறிக்கையை அளித்தது. பொறி வந்தது, பேச்சுவார்த்தையின் வழியே வந்தது.

இரண்டாவது நம் கைத்தறி. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியவை என்று வரையறுத்தது. தொடக்கத்தில் 22 வகைகள். பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. உச்ச நீதிமன்றம் 1993ஆம் ஆண்டில் அச்சட்டத்தை உறுதிசெய்தது. ஆயினும் கணக்கெடுப்புகள் சொல்வது வேறு. கைத்தறி, அதன் துணைத் தொழில்களில் இருந்தோர் 1995ஆம் ஆண்டில் 65.5 இலட்சம், 2009-10இல் 43.31 இலட்சம், 2019-20இல் 35.22 இலட்சம். நெய்வோருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். விசைத்தறி ஒரு கோலத்தைச் சில நாள்களில் படியெடுத்துக் குறைந்த விலைக்கு விற்கும்போது, அதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் தடுக்கும் கையும் சட்டத்திற்குப் போதவில்லை. சட்டம் பொருளைக் காத்தது. அப்பொருளின் விலையில் நெய்தவர்க்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை அது தொடவேயில்லை.

இவ்விரு பாடங்களையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய உலகைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது பொறிகளை அவற்றால் விளையும் இடரின் அளவுக்கேற்ப வகைப்படுத்துகின்றது. ஆளெடுப்பது, வேலை பகிர்வது, உழைப்பவரைக் கண்காணித்து மதிப்பிடுவது ஆகியவற்றுக்குப் பயன்படும் பொறிகள் உயர் இடர் வகையில் வைக்கப்பட்டன. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, பணியிடத்தில் ஒருவரின் முகக்குறிப்பிலிருந்து உணர்ச்சியை அளக்கும் பொறி 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்யப்பட்டது. அதே வேளையில், 2024 செப்டம்பரில் மரியோ திராகி அளித்த அறிக்கை, அமெரிக்காவுக்கும் சீனத்துக்கும் ஐரோப்பா பின்தங்குகிறது, போட்டித்திறன் குறைகிறது, ஆண்டுதோறும் கூடுதலாக 75,000 கோடி யூரோவுக்குக் குறையாத முதலீடு வேண்டும் என்று எச்சரித்தது. அதன்பின், 2025 நவம்பரில் உயர் இடர் விதிகளைத் தள்ளிவைக்க ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. காப்பு ஒருபுறம், போட்டி மறுபுறம். ஐரோப்பாவின் தராசு இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றது.

நம்மிடமும் கொள்கை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டரசு 2020ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பும் அறமும் உடைய செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, தவறான பயன்பாட்டைத் தடுத்தல், மின்னணு இடைவெளி, அறம், நடுநிலை என்பன அதன் அளவுகோல்கள். ஆயின் அதன் நோக்கம், அரசு தன் பணிகளில் ஒரு பொறியை மக்கள்மேல் செலுத்துமுன் அதனை மதிப்பிடுவதேயாகும். இந்திய அரசு 2024 மார்ச்சில் ஏறத்தாழ 10,372 கோடி ரூபாயில் ஓர் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. பொறி வாங்கவும் ஆற்றல் பெருக்கவும் பணம் ஒதுக்கப்பட்டது நன்றே. வேலை மாறப்போகின்றவரின் கூலிக்கு என்ன ஏற்பாடு என்னும் வினாவே எஞ்சி நிற்கின்றது.

அவ்வினா நமக்கு எட்டத்தில் இல்லை. தமிழ் படித்து வெளியேறும் நம் மாணவர்கள் மெய்ப்புப் பார்த்தும், மொழிபெயர்த்தும், தட்டச்சு செய்தும், விளம்பர வாசகம் எழுதியும் வாழ்கின்றார்கள். அவ்வேலைகளையே பொறி முதலில் தொடுகின்றது. அப்பொறி தமிழ் கற்றது எங்கே? இணையத்தில் கிடக்கும் தமிழில். அத்தமிழை அங்கே சேர்த்தவர் யார்? 1998 முதல் மதுரைத் திட்டத்தின் வழியே சங்க நூல்களைத் தம் கையால் உள்ளிட்ட தன்னார்வலர்கள், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்கள், நாளேடுகளின் செய்தியாளர்கள், எண்ணற்ற எழுத்தாளர்கள். அவர்கள் நூற்ற நூலை எடுத்து நெய்த துணியை, அவர்கள் பிள்ளைகளுக்கே விலைக்கு விற்கும் நிலை வருமாயின், அது லியோனின் பழைய வழக்கேயன்றி வேறன்று.

இதற்கு வழி இல்லையா? தமிழகம் கண்ட வழி ஒன்று உண்டு. பாரதியின் படைப்புரிமையை 1949ஆம் ஆண்டில் அரசு பெற்று, பின்னர் அதனைப் பொதுவுடைமை ஆக்கியது. அதன் வழிவந்த நாட்டுடைமைத் திட்டத்தில், எழுத்து மக்கள் சொத்தாகும். எழுதியவர் குடும்பத்திற்குப் பரிவுத்தொகை சேரும். பொதுமையும் நன்றிக்கடனும் ஒன்றாக இயலும் என்று காட்டிய ஏற்பாடு அது. பொறிக்குக் கற்பிக்கப் படைப்புகளைப் பயன்படுத்துவோர் படைப்பாளர்க்குப் பங்குத்தொகை தர வேண்டும் என்று 2025 டிசம்பரில் இந்திய அரசு அமைத்த குழுவும் முன்மொழிந்துள்ளது. நாம் இதனை வரவேற்பதோடு நில்லாமல், பெரும் பதிப்பகங்கள் மட்டுமன்றிச் சிற்றிதழில் எழுதிய கவிஞனும் அப்பங்கில் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்த வேண்டும்.

போட்டித்திறன் என்பதற்கும் ஆரணி ஒரு விளக்கம் தருகின்றது. விலையில் போட்டியிட்டால் கைத்தறி விசைத்தறியிடம் தோற்கும். அது நிலைத்திருப்பது, 'இது கையால் நெய்தது' என்று வாங்குபவர் உறுதியாக நம்பும் இடத்தில்தான். 2006ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரை வந்தது அதற்காகவே. எழுத்துக்கும் அத்தகைய முத்திரை வேண்டும் காலம் வந்துவிட்டது. பொறி எழுதியதைப் பொறி எழுதியது என்றே சொல்லட்டும். அதனை யாரும் இழிவாகக் கருத வேண்டா. மறைத்து விற்பதே குற்றம்.

இறுதியாக, இவ்வட்டத்தின் முன் மூன்று பணிகளை வைக்கின்றேன். ஒன்று, ஆரணி, தேவிகாபுரம் நெசவாளரின் கோலப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்து, சொன்னவர் பெயரோடு வெளியிடுதல். கணினியில் வரையும் கோலம் அட்டையையும் விலக்கிவரும் இந்நாளில் இதனைத் தள்ளிப்போட இயலாது. இரண்டு, நம் மலர்களில் வரும் எழுத்து யாருடையது, எவ்வகையில் பிறர் பயன்படுத்தலாம் என்னும் குறிப்பை அச்சிடுதல். மூன்று, தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொறியைக் கையாளவும், அதன் பிழையைக் கண்டு திருத்தவும் பயிற்சியளித்தல். தறியை அறிந்தவனே தறியின் கூலியைப் பேச முடியும்.

பொறி வரும், வந்துவிட்டது. நம் மாணவர் வங்கி ஊழியரைப்போல் மேசையில் அமர்ந்து பேசி அதனை ஏற்கப் போகின்றார்களா, கைத்தறியாளரைப்போல் எண்ணிக்கையில் தேயப் போகின்றார்களா என்பதே வினா. இன்னும் பத்தாண்டுகள் கழித்து இவ்வட்டம் தன் இருபதாம் ஆண்டு மலரை வெளியிடும்போது, அவ்வினாவுக்கு நாம் என்ன செய்தோம் என்பது அம்மலரில் எழுதப்பெறும். அது நல்லதாக எழுதப்பெற நாம் இன்றே தொடங்குவோம்.