கடன் தீர்ப்பதும் கட்டடம் காப்பதும்
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



இல்லறத்தார் பலர் வெளியே சொல்லாமல் கவலையுறும் பொருள் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன். தேங்காய்த்திட்டில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் ஒரு வீட்டுக்கு உரியவரான பெரியப்பா காலமாகிவிட்டார். வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானத்தில் உள்ளது. கைமாற்றுக் கடன்களும் உண்டு. கட்டடத்தையோ உடனே பழுதுபார்த்தாக வேண்டும். வாரிசுகள் எதை முதலில் ஏற்பது?

கட்டடம் காத்திராது. அரியாங்குப்பம் ஆறும் மீன்பிடித் துறைமுகமும் அருகிலுள்ள அவ்விடத்தில் உப்புக்காற்று ஓயாது வீசும். உப்பு கான்கிரீட்டினுள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. பூச்சு வேலையோடு முடிய வேண்டியது, காலம் தாழ்த்தினால் தூண் வேலையாக வளரும். ஒரு வீட்டார் பங்கு தராது நின்றால் எழுவரும் இடருறுவர்.

வாரிசுகளைத் தயங்க வைப்பது கடனச்சமே. ஆனால் சட்டம் அதற்கு எல்லை வகுத்துள்ளது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வாரிசு தம் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். 2005 செப்டம்பர் 9ஆம் நாளுக்குப்பின் தந்தை வாங்கிய கடனை, மகனின் அறக்கடமை என்ற ஒன்றை மட்டும் காட்டி அவரிடம் வசூலிக்க இயலாது. ஆயினும் பிணையாகவோ இணைக் கடனாளியாகவோ ஒப்பமிட்டவர் தம் கையெழுத்துக்குத் தாமே பொறுப்பு. துக்க வீட்டில் நீட்டப்படும் புதிய கடன்பத்திரத்தில் ஒப்பமிட்டால், பெரியப்பாவின் கடன் நம் கடனாகிவிடும்.

புதுச்சேரியில் ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்த வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குரிய பிரெஞ்சுச் சட்டத்தில், சொத்தையும் கடனையும் பட்டியலிட்டு, அந்த அளவுக்கு மட்டும் பொறுப்பேற்கும் முறை உண்டு. அதன் பாடம் நமக்கும் உரியது: முதலில் பட்டியல். வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு, வரி நிலுவை, சங்க நிலுவை, கைமாற்று ஆகிய அனைத்தையும் ஒரே ஏட்டில் எழுதுங்கள்.

அடுத்து, கணக்குகளைப் பிரியுங்கள். பழுதுபார்ப்புப் பணம் எட்டு வீட்டாரின் பொதுப்பணம். அது சங்கத்தின் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். கடன் தேவைப்படுவோர் தத்தம் பெயரில் பெறட்டும். பெரியப்பா வீட்டின் பங்கை வாரிசு ஒருவர் முன்பணமாகச் செலுத்தினால் பற்றுச்சீட்டு வாங்கி, பாகம் பிரிக்கையில் அத்தொகையை முதலில் கழித்துக்கொள்ள மற்றவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வில்லங்கம் தீராத வீட்டின்மேல் புதிய கடன் எழுப்புதல் ஆகாது.

கடன்களில் வங்கிக் கடனுக்கே முதலிடம். வாராக்கடனாகிவிட்டால் 60 நாள் அறிவிப்புக்குப்பின் நீதிமன்றம் செல்லாமலே வீட்டைக் கைப்பற்ற 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே வங்கியை நாமே அணுகித் தவணையை மாற்றியமைக்கவோ, அதன் இசைவோடு வீட்டை விற்கவோ முயல வேண்டும். முழுத்தொகையும் கட்டியபின் 30 நாள்களுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

இறுதியாக ஒன்று. மளிகைக் கடைக்காரருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் பெரியப்பா தர வேண்டியதற்குப் பத்திரம் இராது. நீதிமன்றம் அதைக் கேளாமல் போகலாம். கள்ளாமை நோன்பு கேட்கும். சட்டம் வகுத்த எல்லை நம்மை அச்சத்திலிருந்து காப்பதற்கே. எளியவரின் பணத்தை மறைப்பதற்கன்று. பட்டியலில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். சொத்து விற்ற பணத்தில் நம் பங்கைத் தொடுமுன் அவர்களுக்குரியதைக் கொடுங்கள்.

அறம் வளர்க.